'உங்க அனுபவம் ஒண்ணு சொல்லுங்க': இன்டர்வியூவில் இந்தக் கேள்வி ஏன்? ஜவ்வாது மலை பட்டதாரிகள் எப்படித் தயாராகலாம்?

"ஒரு பிரச்னையை நீங்களே சமாளிச்ச அனுபவம் ஒண்ணு சொல்லுங்க." தனியார் நிறுவன நேர்காணல்களில் புதிய பட்டதாரிகள் பலரும் தடுமாறும் கேள்வி இது. பாடத்தில் இருந்து கேட்டால் பதில் வருகிறது. வாழ்க்கையில் இருந்து கேட்டால், "அப்படி எதுவும் இல்ல சார்" என்று முடிந்துவிடுகிறது.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியிருக்கிறது ஜவ்வாது மலை. மலையாளி பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதி. இங்கிருந்து கீழே இறங்கிப் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருபவருக்கு இன்டர்ன்ஷிப் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. அப்படியென்றால் அவரிடம் சொல்ல எதுவுமே இல்லையா?

பிஹேவியரல் இன்டர்வியூ என்றால் என்ன?

1970, 80களில் அமெரிக்காவில் வளர்ந்த முறை இது. ஒருவர் முன்பு எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்து, இனி எப்படி நடந்துகொள்வார் என்று கணிக்கலாம் என்பதே அடிப்படை. அதனால்தான் "செய்வீங்களா?" என்று கேட்காமல், "எப்போ செஞ்சீங்க?" என்று கேட்கிறார்கள். அமேசான் நிறுவனம் தனது 16 தலைமைத்துவக் கொள்கைகளை வெளிப்படையாகவே வெளியிட்டு, அவற்றை ஒட்டி இப்படிக் கேள்வி கேட்கிறது.

எல்லோரிடமும் ஒரே மாதிரி கேள்வி கேட்பதால், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட இது நியாயமானது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 'அனுபவம்' என்றால் ஆபீஸ் அனுபவம் மட்டும்தான் என்று நினைத்துவிட்டால், வசதியான பின்னணி உள்ளவருக்கே அது சாதகமாகிவிடும்.

அனுபவம் எங்கே இருக்கிறது?

கேள்வி கேட்பவர் தேடுவது பொறுப்பு, பொறுமை, கணக்கு, ஒத்துழைப்பு. சாமை அறுவடைக்கு ஆள் சேர்த்தது, புளியும் பலாவும் விற்க வியாபாரியிடம் விலை பேசியது, ஊர்க்காரருக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பித் தந்தது, அரியர் வைத்து மீண்டு வந்தது எல்லாமே இதில் சேரும்.

'நாங்க' இல்லை, 'நான்'

ஊரில் யாரும் "நான் செஞ்சேன்" என்று சொல்வதில்லை. "நாங்க பண்ணோம்" என்பதுதான் பழக்கம், அதுதான் அடக்கம். ஆனால் இன்டர்வியூவில் "நாங்க" என்றால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எதிரில் இருப்பவருக்குப் புரியாது. அதில் உங்கள் பங்கு எது என்பதைப் பிரித்துச் சொல்வது தற்பெருமை ஆகாது.

ஸ்டார் முறை: 4 படிகள்

சூழல், பொறுப்பு, செயல், விளைவு. பதிலை இந்த வரிசையில் சொல்வதே ஸ்டார் முறை. உதாரணத்துக்கு:

"அம்மாவோட மகளிர் குழுவுல தவணைக் கணக்கு ஒத்துப்போகல (சூழல்). சரிபார்க்கிற வேலையை நான் எடுத்துக்கிட்டேன் (பொறுப்பு). நோட்டையும் பேங்க் பாஸ்புக்கையும் வரி வரியா ஒப்பிட்டுப் பார்த்தேன் (செயல்). ஒரு தவணையை ரெண்டு தடவை எழுதியிருந்தது தெரிஞ்சுது. அடுத்த மாசத்துல இருந்து பணம் கட்டும்போதே கையெழுத்து வாங்குறாங்க (விளைவு)."

ஒன்றரை நிமிடப் பேச்சு போதும். நேரத்தில் பெரும்பகுதி 'செயல்' பற்றி இருக்க வேண்டும்.

எல்லா வேலைக்கும் நேர்காணல் உண்டா?

இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பணிகளுக்கு நேர்காணல் கிடையாது. குரூப் 1, சிவில் நீதிபதி தேர்வுகளில் உண்டு. ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த இரண்டே நாளில் சென்னை சென்று சிவில் நீதிபதி எழுத்துத் தேர்வை எழுதினார். பிறகு வாய்மொழித் தேர்வையும் கடந்து, 2024 பிப்ரவரியில் 23 வயதில் தேர்ச்சி பெற்றார். அந்தத் தேர்வும் தனியார் நிறுவன இன்டர்வியூவும் ஒன்றல்ல. ஆனால் மலையில் இருந்து வந்தவர் நேர்காணல் மேசையில் தோற்றுத்தான் போவார் என்ற பயத்துக்கு அது பதில்.

தயாராவது எப்படி?

• பிரச்னை, குழு வேலை, தோல்வி, கருத்து வேறுபாடு, புதிதாகக் கற்றது: தலைப்புக்கு ஒன்றாக 5 சம்பவங்களை எழுதி வைக்கவும்.

• மனப்பாடம் வேண்டாம். நண்பரிடம் சொல்லி, போனில் பதிவு செய்து கேட்கவும்.

• கற்பனைக் கதை கூடாது. "அப்புறம் என்னாச்சு?" என்று இரண்டு கேள்வி கேட்டாலே மாட்டிக்கொள்வீர்கள்.

• ஆங்கிலம் தடுமாறினால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசவும். தமிழில் பதில் சொல்லலாமா என்று முன்பே கேட்பதில் தவறில்லை.

• வீடியோ இன்டர்வியூ என்றால், சிக்னல் நன்றாக உள்ள இடத்துக்கு முதல் நாளே போய்ச் சோதித்துப் பார்க்கவும்.

• 2022 மார்ச் 1-ல் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் உள்ள பயிற்சிகள் பற்றிக் கல்லூரியில் விசாரிக்கவும்.

"அப்படி எதுவும் இல்ல சார்" என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. மகளிர் குழு நோட்டைச் சரிபார்த்த கதைக்கு உண்டு.