பல் செட் வாங்கியாச்சு... அப்புறம்?

"பல்லு போனா சொல்லு போச்சு" என்பது பழைய பழமொழி. பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒரு பல் செட் கட்டிவிட்டால் போன சொல்லும் சோறும் திரும்பி வந்துவிடும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஆனால் நடப்பது என்ன? முதல் வாரம் அப்பா செட்டைப் போட்டுக்கொள்கிறார். இரண்டாம் வாரம் சாப்பிடும்போது மட்டும் கழற்றி வைக்கிறார். மூன்றாம் வாரம் அது அலமாரியில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கிறது. அதற்குப் பிறகு ஏதாவது கல்யாணம் வந்தால், போட்டோவுக்காக வெளியே வரும். அவ்வளவுதான்!

"இவ்வளவு காசு போட்டுக் கட்டியும் போட மாட்டேங்கிறாரே" என்று பிள்ளைகள் புலம்புவார்கள். வயசானவங்க பிடிவாதம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். உண்மையில் பிடிவாதத்துக்கு இதில் பங்கு குறைவு. செட்டுக்குப் பழகும் காலமும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று வீட்டில் யாரும் நினைக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. தொழிற்சாலைக்கு ஒரு இயந்திரம் வாங்கினால், விற்றவருக்குக் கொடுத்த பணம் மட்டும் அதன் அடக்கவிலை ஆகாது. லாரி வாடகை, பொருத்தும் கூலி, சோதனை ஓட்டத்துக்கு ஆன செலவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஏனென்றால் ஓடாத இயந்திரத்தால் யாருக்கும் லாபமில்லை. பல் செட்டிலும் அப்படி ஒரு பொருத்தும் கூலி உண்டு. அதைப் பணமாகக் கொடுக்க முடியாது. நேரமாகவும் பொறுமையாகவும்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது இந்தக் கணக்குதான்.

செட்டை வாயில் வைத்ததும் முதலில் எச்சில் ஊறும். ஏதோ உணவு வந்திருக்கிறது என்று வாய் நினைத்துக்கொள்கிறது. சில நாட்களில் அது தானாகக் குறையும். இது தெரியாத பெரியவர் "எச்சில் வழியுது, எனக்கு வேண்டாம்" என்று கழற்றிவிடுகிறார். மேல் செட் அண்ணத்தில் ஒட்டி ஓரளவு நிற்கும். கீழ் செட்டுக்கு அப்படி ஒட்ட இடம் கிடையாது, நடுவில் நாக்கு வேறு அசைந்துகொண்டே இருக்கும். அதனால் கீழ் செட் ஆடுவதாகத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். நாக்கையும் கன்னத்தையும் வைத்து அதைப் பிடித்துக்கொள்ளப் பழகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். சைக்கிள் பழகுவது போலத்தான் இதுவும். விழாமல் பழகியவர் யார்?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முழு செட்டின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் பலத்தில் ஏறக்குறைய கால் பங்குதான். செட் வந்த அன்றே முறுக்கைக் கொடுத்து "கடிச்சுப் பாருங்கப்பா" என்பது அன்பு இல்லை, சோதனை! இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், நன்றாக வெந்த காய் என்று ஆரம்பிக்க வேண்டும். சின்னச் சின்னத் துண்டாக, இரண்டு பக்கமும் சமமாக மெல்ல வேண்டும். முன்பல்லால் கடித்து இழுத்தால் செட் பின்னால் தூக்கிக்கொள்ளும். மேல் செட் அண்ணத்தை மூடுவதால் சூடு சட்டென்று உறைக்காது. காபியை ஆற்றித்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து பேச்சு. 'வ' என்ற எழுத்து மேல் பல்லும் உதடும் சேர்ந்து பிறப்பது, 'த', 'ந' இரண்டும் நுனிநாக்கு மேல் பல்லின் அடியைத் தொட்டுப் பிறப்பது என்று தொல்காப்பியமே விளக்கிவிட்டது. பல் போனால் இந்த எழுத்துகள் குழறும். புது செட் வந்தால், நாக்கு பழைய இடத்தைத் தேடித் தடுமாறி மறுபடியும் குழறும். இதற்கு மருந்து ஒன்றுதான், சத்தமாக வாசிப்பது. தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தால் போதும். ஆனால் நடப்பது வேறு. தாத்தா ஒரு வார்த்தையைக் குழறியதும் பேரன் சிரிக்கிறான், அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறார். மறுநாள் தாத்தா பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். இங்கே போனது பல் மட்டுமா?

இது நம் வீட்டுத் தாத்தாக்களின் கஷ்டம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789ல் பதவி ஏற்றபோது அவர் வாயில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். அவர் போட்டிருந்தது மரப்பல் என்று பலரும் நம்புகிறார்கள், அது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், உலோகம் இவற்றால் செய்த செட்களைத்தான் அவர் போட்டிருந்தார். செட் உதட்டை முன்னால் தள்ளுகிறது என்று 1798ல் தன் பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட்டுக்குக் கடிதம் எழுதிக் குறைப்பட்டுக்கொண்டார். அதிபராக இருந்தவரே வாயைத் திறக்கச் சங்கடப்பட்டிருக்கிறார் என்றால், ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தா சங்கடப்படுவதில் என்ன ஆச்சரியம்? ஆனால் வாஷிங்டன் ஒரு நல்ல காரியம் செய்தார். சரியில்லை என்றதும் டப்பாவில் போட்டு மூடாமல் மருத்துவருக்கு எழுதினார்.

நம் ஊரில் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு முழு செட் செய்ய வழக்கமாக நான்கைந்து முறை போக வேண்டியிருக்கும். அளவு எடுக்க, மறுபடி சரியான அளவு எடுக்க, கடி பார்க்க, மெழுகில் போட்டுப் பார்க்க, கடைசியில் வாங்க. அதுவரை மகனோ மகளோ லீவு போட்டுக் கூட்டிப் போகிறார்கள். செட் கைக்கு வந்ததும் "வேலை முடிஞ்சது" என்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு போகிற ஆறாவது, ஏழாவது முறைதான் செட்டை வாயில் நிற்க வைக்கும். எங்கோ ஒரு இடத்தில் அழுத்திப் புண் ஆகும். டாக்டர் பார்த்துக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும். அழுத்தும் இடம் தெரிவதற்காக, போவதற்குச் சில மணி நேரம் முன்னால் செட்டைப் போட்டிருக்க வேண்டும். கூட்டிப்போக ஆள் இல்லாத பெரியவர், பிளேடாலும் உப்புத்தாளாலும் தானே சுரண்டிச் செட்டைக் கெடுத்துவிடுகிறார். கேட்டால் அதுவும் பிடிவாதம்!

பல் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரையும். முதல் வருடத்தில்தான் அதிகம் கரையும். அதனால் பிடுங்கியவுடன் கட்டிய செட் சில மாதங்களில் தளர்வது இயல்பு. உள்பக்கம் புதுப் பூச்சு கொடுத்துச் சரிசெய்யலாம். இது தெரியாமல் "டாக்டர் ஏமாத்திட்டார்" என்று சொல்லி நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

மற்றவை சின்ன விஷயங்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், ஈறுக்கும் ஓய்வு வேண்டுமே. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் செட் வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு வாளித் தண்ணீர் இருந்தால், கை நழுவினாலும் உடையாது.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. கேலி செய்யாத ஒரு வீடு, தினமும் கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்க ஒரு பேரப்பிள்ளை, இன்னும் இரண்டு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குத் துணை. இவ்வளவுதான் கேட்கிறது அந்தச் செட். பணம் போட்டவர்கள் இதையும் போட்டால், அப்பா மறுபடி பந்தியில் உட்கார்ந்து எல்லோருடனும் சாப்பிடுவார். போடாவிட்டால் ஆயிரக்கணக்கான ரூபாய் அலமாரியில் தூங்கும், அவர் தனியாக ரசம் சாதம் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பார். இதில் எது நஷ்டம் என்று கண்டுபிடிக்க பி.காம். படித்திருக்க வேண்டியதில்லை.