இழுப்பும் தலையெழுத்தும்

பெண்ணுக்கு இழுப்பு நோய் உண்டென்று தெரிந்தால், பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிக்காமலே எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம் பேராவூரணிப் பக்கத்துப் பெற்றோர்களுக்கு இன்றும் இருந்து வருகிறது. ஆகவே நோயை மறைத்துக் கலியாணம் செய்கிறார்கள். புகுந்த வீட்டில் அப்பெண் இன்ஹேலரைத் துணிப்பெட்டிக்குள் ஒளித்து வைத்து, கடைசியில் அதை விட்டும் விடுகிறாள். மாப்பிள்ளைக்கு அதே இழுப்பு இருந்தால் கேட்பாரில்லை! காரணம் கேட்டாலோ, பரம்பரை நோய், பூர்வ ஜன்மப் பலன் என்கிறார்கள்.

அந்தப் பூர்வ ஜன்மத்தின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். மீன் தின்றால் உடம்பு தடிக்கும் குஸ்ட்னர் என்ற டாக்டரின் இரத்த நீரை, 1921-ல் பிராஸ்னிட்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர் தம் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சத்தை ஏற்றவே, அந்த இடம் தடித்தது. குஸ்ட்னரின் முன்வினையையா ஊசியில் ஏற்றினார்கள் என்று கேட்கிறோம். இரத்தத்திலிருந்த அப்பொருளை 1966-ல் இஷிஸாகா என்ற ஜப்பானியத் தம்பதிகள் கண்டறிந்தார்கள். ஐ.ஜி.இ. என்பது அதன் பெயர். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நெல் தூசியையும், பாயிலுள்ள நுண்ணிய தூசிப் பூச்சியையும் பகைவனென்று எண்ணிக் கிளம்ப, மூச்சுக்குழல் வீங்கிச் சுருங்குகிறது. பலருடைய இழுப்புக்கு இதுவே காரணம்.

தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர இடமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. 2007-ல் 17-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதிக்கும் குழந்தைகளின் இழுப்புக்கும் சம்பந்தம் கண்டார்கள். அதுபோல் இன்னும் பல ஜீன்கள் உண்டு. ஆனால் ஒரே கருவில் பிறந்து ஜீன்களும் ஒன்றாயுள்ள இரட்டையரில் ஒருவருக்கு இழுப்பு வர, மற்றவருக்கு வராமலிருப்பதும் உண்டு. பிறப்பே எல்லாமானால் இது எப்படி நடக்கும்? விதை மட்டும் விளைச்சலாகாது. தூசியும், அடுப்புப் புகையும், பீடிப் புகையும், சளிக் காய்ச்சலும் சேர வேண்டும். பிறப்பைக் காட்டி மனிதனைத் தாழ்த்திய அதே புத்திதான் இங்கே நோயைக் காட்டிப் பெண்ணைத் தாழ்த்துகிறது.

2019-ல் உலகில் இந்நோயால் மாண்டவர்கள் சுமார் 4,55,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பெரும்பாலோர் ஏழை நாட்டார். வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி தினமும் இழுத்து வந்தால் நோய் அடங்கியிருக்கும். கர்ப்ப காலத்திலும் அதைத் தானாக நிறுத்துவதுதான் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து.

ஆகவே தோழர்களே! இழுப்பை மறைக்காதீர்கள்; மறைக்கும்படி செய்யாதீர்கள். பெண் கேட்டுப் போகும் வாலிபர்கள் ஜாதகத்தைத் தூர எறிந்துவிட்டு, உன் மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்கட்டும். மூச்சுவிடும் உரிமைகூட இல்லாத வீட்டில் சுயமரியாதை எங்கிருந்து வரும்?