உயர்திணையும் திருச்சபையும்

திருநங்கையர், திருநம்பியர், தம் பாலாரையே நாடும் இயல்பினர் ஆகியோருக்குக் கிறிஸ்தவ சபையின் வாழ்வில் எத்தகைய இடம் உரியது என்னும் வினா மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. லிந்துலைத் தோட்டப்புறத்து ஆலயங்களுக்கும் உரியதேயாம். நகரத்தில் ஒரு சபையார் முகஞ்சுளித்தால் மற்றொரு சபையை நாடலாம். தோட்டத்திலோ, லயத்தில் அயலவரும், மலையில் உடன் கொழுந்து பறிப்பவரும், ஞாயிறன்று ஆலயத்தில் அருகிருப்பவரும் ஒருவரே. அங்கே சபை கைவிட்டவரை ஊரே கைவிட்டதாகும். கொழும்புக்குப் பேருந்து ஏறுவதன்றி அவருக்கு வேறு போக்கிடம் எங்கே?

இவ்வினாவிற்குத் திருச்சபைகள் விடை கூறாமல் இல்லை. இலங்கைத் திருச்சபை சார்ந்துள்ள ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் ஆயர்கள் 1998இல் இலம்பெத் மாநாட்டில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினர். ஆதரித்தோர் 526 பேர். எதிர்த்தோர் 70 பேர். தற்பால் உறவு வேதத்திற்கு இசையாது என்பது அதன் ஒரு பகுதி. ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் நிலைத்தோர் எவ்வியல்பினராயினும் கிறிஸ்துவின் உடலில் முழு உறுப்பினரே என்பதும், அவர்தம் அனுபவத்தைச் செவிமடுத்தல் வேண்டும் என்பதும் அதன் மறுபகுதி. முற்பகுதியை உரத்துக் கூறுவோர் பிற்பகுதியை வாய்க்குள் விழுங்கிவிடுகின்றனர். கத்தோலிக்கருக்கும் 2023 நவம்பரில் வத்திக்கானிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. விசுவாசிகளிடையே இடறல் நேராதவிடத்து, ஏனையோருக்குரிய நிபந்தனைகளின்படியே திருநர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அதன் சாரம்.

தமிழாசிரியன் என்ற முறையில் மேலும் ஒன்று சொல்வேன். ஆண், பெண் என்னும் இருபாலில் அடங்காதாரைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் உயர்திணைக்கண்ணேயே வைத்தார். அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய ஈறுகளையே அவர் பெயர் ஏற்கும் என்றும் விதித்தார். அதே நூற்பாவில் தெய்வப் பெயர்களையும் உடன்வைத்துக் கூறினார். பின்வந்த நன்னூலாரோ அஃறிணை போலவும் வரும் என்றார். இரண்டும் நம் மரபே. எதனைக் கைக்கொள்வது என்பதில்தான் நம் பண்பு வெளிப்படும்.

வேதாகமத்திலும் இத்தகைய செய்தி உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில், பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெற்ற எத்தியோப்பியர் மூலமொழியில் அண்ணகர் எனப்படுகிறார். நம் ஆலயங்களில் வழிவழியாகப் படிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்போ அவரை மந்திரி என்றே குறிக்கின்றது. ஏசாயா ஐம்பத்தாறாம் அதிகாரத்தில் அண்ணகர் என்றே வரும் சொல் இங்கே பதவியின் பின்னே மறைந்துவிட்டது. இன்று நாம் பேசும் இயல்பினரும் அக்கால அண்ணகரும் முற்றும் ஒருவரல்லர். ஆயினும் நியாயப்பிரமாணம் சபைக்குப் புறம்பாக நிறுத்திய ஒருவரை, தடையேதும் கூறாமல் பிலிப்பு தண்ணீரில் இறக்கினார் என்பதை நம் சபையார் அறியாமலே கேட்டுவந்துள்ளனர்.

வேதத்தின் ஒழுக்க விதிகளை என் செய்வது என்று கேட்போர் உளர். அக்கேள்வி நேர்மையானதே. திருமணம் பற்றியும் குருத்துவம் பற்றியும் திருச்சபைகளுள் வழக்கு முடியவில்லை, அறிஞர் ஆராயட்டும். ஆனால் அவ்வழக்கு முடியும்வரை பாடகர் குழுவில் ஓர் இடத்தையும், நோயுற்றவேளை ஒரு ஜெபத்தையும், இறந்தபின் ஓர் அடக்க ஆராதனையையும் மறுத்து வைத்தல் எந்த ஒழுக்கம்? பிரசங்க பீடத்திலிருந்து ஏளனம் செய்யாதிருக்க எந்த மாநாட்டின் தீர்மானம் வேண்டும்? வெட்கத்தால் ஆலயத்திற்கு வராமல் நின்றுவிட்ட தாயின் லயத்து வாசலுக்குப் போதகர் ஒருமுறை சென்றுவருதல் எந்த வேதத்திற்கு விரோதம்?

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. உழைப்பு வேண்டும், உரிமை வேண்டா என்றது அது. அக்குறை சட்டத்தளவில் நீங்க 2003ஆம் ஆண்டுவரை காத்திருந்தோம். ஆலயத்தைப் பெருக்கவும் பண்டிகைக்குத் தோரணம் கட்டவும் ஒருவரை ஏற்றுக்கொண்டு, சபை அங்கத்தவர் பட்டியலில் மட்டும் பெயரைத் தவிர்ப்பது அச்சட்டத்தின் மறுபதிப்பன்றி வேறென்ன? கணக்கில் வராத வாழ்வின் கசப்பை உண்டறிந்த மக்கள் பிறருக்கு அதனைப் பரிமாறுதல் தகாது.