மருந்து எழுதும்போதே எச்சரிக்கை வேண்டும்



மருத்துவமனைப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றினால் மட்டும் போதாது. செயற்கை இதய வால்வு பொருத்தி, ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டு வருபவருக்குப் பல் மருத்துவர் மெட்ரோனிடசோல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மருந்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த நொடியிலேயே மென்பொருள் வெளியிலுள்ள ஆலோசனைச் சேவையைக் கேட்டு, பதிலைத் திரையில் காட்ட வேண்டும். சிடிஎஸ் ஹூக்ஸ் என்ற தரநிலை இதற்காகவே இருக்கிறது. சுமார் அரை நொடிக்குள் பதில் வர வேண்டும் என்கிறது.

ஆனால், ‘பழைய மாத்திரையே தொடரவும்’ என்று தட்டச்சு செய்த வரியிலிருந்து எந்தச் சேவையும் மருந்தை அடையாளம் காணாது. மருந்துக்குக் குறியீடு வேண்டும். பரிசோதனை முடிவுக்கு அலகும் தேதியும் வேண்டும். சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் 106 என்று வெறும் எண் வந்தால் பதறத் தோன்றும். லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கென்றால் அது நமக்குப் பழகிய மி.கி./டெ.லி. கணக்கில் 1.2தான். மருத்துவச் சொற்களுக்கான ஸ்நோமெட் சிடி குறியீடுகள் இந்தியாவில் இலவசம். 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்.எச்.ஐ.ஆர். வடிவத்தைத்தான் ஏற்றிருக்கிறது. பிறகென்ன தயக்கம்?

அதேநேரம், எடுத்ததற்கெல்லாம் எச்சரித்தால் மருத்துவர்கள் படிக்காமலே மூடிவிடுவார்கள். எச்சரிக்கையை மீறினால் காரணத்தைப் பதியும் வசதியும் அவசியம். மென்பொருள் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அரசு இவற்றைக் கட்டாயமாக்க வேண்டும்.

– மருந்தாளுநர், திருச்சி