எண்ணப்படாத ஓங்கில்கள்

ரின்மீன் பேணியின் பக்கத்தில் சின்னதாய் ஒரு டொல்பின் படம் போட்டிருப்பார்கள். இந்த மீனைப் பிடிக்கேக்க டொல்பின் ஒண்டும் சாகேல்லை எண்டு கம்பனி தரும் உத்தரவாதம் அது. ஆனால் அந்தப் படம் பிறந்த கதை எங்கட கடலின் கதை இல்லை. கிழக்குப் பசிபிக்கில் பெரிய ரூனாக் கூட்டங்கள் டொல்பின்களுக்குக் கீழே நீந்தும். கப்பல்காரர் டொல்பின்களைத் துரத்தி, சுற்றிவர வலை போட்டு, அடியை இழுத்துச் சுருக்குவார்கள். 1950களின் கடைசியில் தொடங்கிய இந்த முறையில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட டொல்பின்கள் செத்தன. 1988இல் சாம் லபட் என்ற அமெரிக்கர், பனாமாக் கப்பலொன்றில் சமையற்காரராக ஏறி எடுத்த வீடியோ வெளியில் வந்தது. சனம் ரூனா வாங்குவதை நிறுத்தியது. 1990இல் பெரிய கம்பனிகள் பணிந்தன, அந்த வருசமே சட்டமும் வந்தது.

நல்ல கதைதான். ஆனால் இந்து சமுத்திரத்தில் டொல்பினைக் கொல்வது பெரும்பாலும் வேற வலை. அதைப் பற்றிப் பேணியில் படம் இல்லை, ஏனெண்டால் அந்த மீனில் பெரும்பகுதி பேணிக்குப் போவதேயில்லை. எங்கட கறிக்கும் கருவாட்டுக்கும் மாசிக்கும் போகுது.

புத்தகத்தில் அதைச் செவுள் வலை எண்டு எழுதுவார்கள். பின்னேரம் கடலில் இறக்கினால் இரவு முழுக்க நீரோட்டத்தோட மிதக்கும், விடியத்தான் இழுப்பார்கள். சூரை தலையை நுழைத்துச் செவுளில் மாட்டும். அதே இரையைத் தேடி டொல்பினும் வரும். மீன் தண்ணிக்குள்ளேயே மூச்சு விடும், டொல்பின் மேலே வந்துதான் மூச்சு எடுக்கவேணும். கண்ணியில் சிக்கினால் சில நிமிசத்தில் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஒருவரும் அதைக் கொல்ல நினைக்கேல்லை, அதுக்காக அது சாகாமலும் இல்லை.

எவ்வளவு செத்திருக்கும்? 2020இல் சாள்ஸ் அண்டர்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் முன்பு எடுத்த 10 கணக்கெடுப்புகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. 1950 முதல் 2018 வரை இந்து சமுத்திர ரூனாச் செவுள் வலைகளில் செத்த டொல்பின் முதலான சிறு திமிங்கில இனங்கள் ஏறத்தாழ 41 இலட்சம். 2004-2006 காலத்தில் வருசத்துக்கு ஒரு இலட்சம் வரை. இப்போது கடலில் மிச்சமிருப்பது பழைய எண்ணிக்கையில் நூற்றுக்கு 13 ஆக இருக்கலாம் என்கிறார்கள். அதிகம் கொல்லும் நாடுகளின் வரிசையில் ஈரான், இந்தோனேசியா, இந்தியாவோடு இலங்கையும் முன்னுக்கு நிக்குது. இவ்வளவு சின்னத் தீவு!

மதிப்பீடுதானே எண்டு தட்டிவிடலாம். ஆனால் ஏன் மதிப்பீட்டில் நிக்கவேண்டி வந்தது எண்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகுது. 1990களில் அனூக்சிகா இலங்ககோன் மேற்கு, தெற்குக் கரைகளில் இறங்கிய டொல்பின்களை இனம் பிரித்து, அளந்து பதிந்தார். அதே காலத்தில் வடக்கில் என்ன நிலை? கடலுக்குப் போகத் தடை, போனால் பாஸ், மேலே ஹெலி. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ யார் போய் டொல்பின் எண்ணுவது? சனத்தையே ஒழுங்காக எண்ணாத காலம் அது.

பிறகு சட்டம் இறுகியது. டொல்பினைப் பிடிப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாம் குற்றம். சரியான சட்டம்தான், ஏனெண்டால் ஈட்டியால் குத்திச் சுறாத் தூண்டிலுக்கு இரையாகப் போட்டதும் இங்கே நடந்தது. ஆனால் வலையில் தற்செயலாகச் செத்ததைக் கரைக்குக் கொண்டுவந்தாலும் வழக்குத்தான் எண்ட பயம் வந்தால் மீனவர் என்ன செய்வார்? கடலிலேயே வெட்டி விட்டுவிட்டு வருவார். கரையில் டொல்பின் இல்லை, பதிவேட்டில் பூச்சியம். காகிதத்தில் பார்த்தால் டொல்பின்களுக்குப் பொற்காலம்.

மீனவரைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. எங்கட நெளுக்குளத்தில் இருந்து எந்தக் கடலுக்குப் போறதெண்டாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேணும். கடலை நாங்கள் பார்ப்பது மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வாற மீன்பெட்டியில்தான். சூரை மலிவாய்க் கிடைத்தால் சந்தோசம், விலை ஏறினால் மீன்காரரோட சண்டை. அந்த மலிவுக்குள் கடலில் வெட்டிவிட்ட ஓங்கிலின் விலை சேரேல்லை. வலை போட்டவர் மட்டும் பாவி, சம்பல் இடித்தவர் அப்பாவி எண்டு பிரிக்கேலாது.

அதோட எல்லா மீனவரும் ஒரே ஆள் இல்லை. ஆழ்கடலில் கிலோமீற்றர் கணக்கில் வலை விடுவது பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும் இருந்து போகும் பலநாள் படகுகள். வன்னிக் கரையில் கூடுதலான ஆக்களிடம் இருப்பது பதினெட்டு இருபது அடிப் படகும் ஒரு எஞ்சினும். ஆனால் தண்டனை வரும்போது யார் தலையில் விழும் எண்டு பாருங்கோ. கடற்பாலூட்டிகளைக் காக்க உங்களிடம் எங்களுடையதுக்கு ஈடான ஏற்பாடு இல்லையென்றால் உங்கள் கடலுணவு எங்களுக்கு வேண்டாம் என்று 2016இல் அமெரிக்கா விதி போட்டது. 2025இல் அதன்படி நாடு நாடாய் முடிவு அறிவித்தபோது மறுக்கப்பட்டவற்றில் இலங்கையின் நீல நண்டும் இருந்தது. வடக்கில் எத்தனை வீட்டில் அந்த நண்டு அடுப்பு எரிக்குது! வலை தெரிக்கிற பெண்கள், நண்டுச் சதை பிரிக்கிற பெண்கள், இவர்களுக்கு ஆழ்கடல் ரூனா வலையோட என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. நாடு கணக்குக் காட்டாவிட்டால் கடைசிப் படியில் நிக்கிறவைதான் முதலில் அடிபடுவினம்.

வழி இல்லாமலும் இல்லை. பாகிஸ்தானில் மிதவைக் கயிற்றை நீட்டி, வலையின் மேல்விளிம்பை நீர்மட்டத்துக்கு 2 மீற்றர் கீழே இறக்கிப் பார்த்தார்கள். டொல்பின் சிக்குவது முக்கால்வாசிக்கு மேல் குறைந்தது. இந்து சமுத்திர ரூனா ஆணைக்குழுவும் 2019இல், 2023க்குள் இப்படிச் செய்யவேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. இலங்கை அதில் உறுப்பு நாடு. பிடிபாடு குறையும் எண்டு மீனவர் பயப்பட்டால் அது நியாயமான பயம். அந்த நட்டத்தைக் கடன் எடுத்து எண்ணெய் அடிக்கிற சம்மாட்டியும் தொழிலாளியும் மட்டும் சுமக்கச் சொல்லக்கூடாது. இதே கடலில் பெரிய சுற்றுவலைக் கப்பல்களை விட்டிருக்கும் ஐரோப்பிய நாடுகளும் ஏற்றுமதியாளரும் பங்கு போடட்டும். மாலைதீவு ஒருபடி மேல. அங்கே செவுள் வலையே இல்லை, தூண்டில் கம்பால் சூரையை ஒவ்வொன்றாய்த் தூக்குகிறார்கள், டொல்பின் சாவது மிக மிகக் குறைவு. நாங்கள் மாசி எண்டு இடிக்கிறதே அவர்களிடம் இருந்து வந்த பழக்கம்தான். ஆனால் எங்கட வலையை நாளைக்கே சுருட்டச் சொல்வது கரை தெரியாதவன் பேச்சு.

முதலில் செய்யக்கூடியது ஒன்று. வலையில் தற்செயலாய்ச் செத்ததைச் சொல்லுகிற மீனவர் மீது வழக்கு இல்லை எண்டு கடற்றொழில் திணைக்களம் எழுத்தில் அறிவிக்கட்டும். இறைச்சி விற்றால் வழக்கு, சொன்னால் வழக்கில்லை. பெயர் இல்லாமல் திகதி, இடம், வலை, எத்தனை எண்டு மீனவர் சங்கத்திலேயே ஒரு கொப்பி வைக்கலாம். கலைப்பீடத்தில் புவியியலும் சமூகவியலும் படிக்கிறவை கடைசி வருச ஆய்வுக்குத் தலைப்புத் தேடி நூலகத்தில் பழைய கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டு இருக்கினம். முல்லைத்தீவுக் கரையிலோ மன்னார்க் கரையிலோ பத்து வயசான சம்மாட்டிமாரிட்டப் போய் இருந்து, முந்தி எவ்வளவு ஓங்கில் பார்த்தனீங்கள், இப்ப எவ்வளவு பாக்கிறீங்கள் எண்டு கேட்டு எழுதினாலே வன்னிக் கரைக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். பஸ் காசுதான் செலவு.