உரோமாபுரியும் பல்லாவரமும்

மேல்நாட்டிற்குச் சென்று உரோமாபுரி, ஏதென்ஸ், பாரிஸ் முதலிய பழம்பெரு நகரங்களுள் ஒன்றையேனும் ஒரு பகற்பொழுது சுற்றிப் பார்த்து மீளவேண்டும் என்னும் அவா நம் மாணாக்கர் பலர் உள்ளத்தும் குடிகொண்டுள்ளது. அவ்வவா பழிக்கத்தக்கதன்று, பிறநாட்டைக் காணாதவர் தம் நாட்டின் அளவையும் அறியார். ஆயினும் அன்னாரை யான் ஒன்று கேட்க விரும்புகின்றேன். தாம்பரத்திற்கும் பரங்கிமலைக்கும் இடைப்பட்ட ஏழெட்டு மைல் நிலத்தை நாடோறும் மின்சார இரயிலிற் கடந்து செல்லும் நாம், ஒரு நாளேனும் இடையில் இறங்கி அதனைப் பார்த்ததுண்டோ?

உரோமாபுரிக்குச் செல்வார் தவறாது காண்பது கொலோசியம் என்னும் பேரரங்கம். கி.பி. 80-இல் திறக்கப்பெற்ற அதனை இன்று உலகமே வியக்கின்றது. ஆனால் அந்நகரத்தார் அதனை எஞ்ஞான்றும் போற்றினார் அல்லர். 1349-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அதன் ஒரு பக்கம் சரிந்து வீழ்ந்தது. வீழ்ந்த கற்களை அரண்மனைகளுக்கும் ஆலயங்களுக்கும் பன்னெடுங்காலம் வாரிச் சென்றோர் அந்நகரத்தாரே. வேதசாட்சிகள் குருதி சிந்திய இடமென்று கருதி, 1749-இல் பதினான்காம் பெனடிக்ட் என்னும் போப்பாண்டவர் அதனைத் திருத்தலமாக்கினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைத் தாங்க அணைசுவர்கள் எழுந்தன. கல் மாறவில்லை, காண்பார் கண்ணே மாறிற்று. ஆகவே, ஓர் ஊர் பழம்பெருநகர் ஆவது கற்களால் மட்டுமன்று, அவற்றை மதிக்கக் கற்ற மக்களாலுமே என்பது என் துணிபு.

இத்துணிபோடு ஒருநாட் காலையில் தாம்பரத்தில் இரயிலேறிப் பல்லாவரத்தில் இறங்குவோமாக. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பார், இவ்வூர்ப் படைத்திடலின் அருகே சரளைக்கல் தோண்டிய குழியொன்றில், மனிதன் கையாற் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டில் பழங்கற்கால மாந்தரைப் பற்றி எழுந்த ஆராய்ச்சிக்கு அக்கல்லே தொடக்கமாயிற்று. அவ்வூர்க் குன்றிலேயே, 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உளது. அம்மன்னனின் விருதுப்பெயர்கள் ஆங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அக்குகையே இசுலாமியர் வழிபடும் தர்காவாயிற்று. ஒரு சமயத்தார் குடைந்த பாறையைப் பிறிதொரு சமயத்தார் தொழுது காத்துவருதல் காண்பார்க்கு நல்லதொரு பாடமன்றோ?

குகையைத் தாங்கும் பாறைக்கும் ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்திற்கு அடிகோலிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இப்பகுதியிலிருந்து சென்றதெனக் கருதுவர். தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலறிஞர் அக்கல்லை ஆராய்ந்து, 1893-இல் அவ்வகைப் பாறைக்குச் 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார். உலகின் எப்பகுதியிற் கிடைப்பினும் அதற்கு அதுவே பெயர்.

அடுத்துள்ள திரிசூலத்தில் சோழர் காலத்துச் சிவாலயத்தைக் கண்டபின் பரங்கிமலையை அடையலாம். ஆர்மேனிய வணிகராகிய பெத்ரூஸ் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் அமைப்பித்த படிகள் நம்மை மேலே கொண்டுசெல்லும். திருத்தூதர் தோமா குருதி சிந்தி உயிர்துறந்த இடம் இதுவே என்பது வழிவழி வந்த நம்பிக்கை. 1523-இல் போர்ச்சுகீசியர் இங்கு ஆலயம் எழுப்பினர். 1547-இல் நிலத்தைத் தோண்டியபோது பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை வெளிப்பட்டது. இம்மலையின் அருகிலேதான், 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலி கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அக்கோட்டை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த அளவைப்பணி, பல பத்தாண்டுகளில் இமயமலையின் அடிவாரத்தை எட்டிற்று.

'இவையெல்லாம் சிறியன, கொலோசியத்திற்கு ஒப்பாகுமோ?' என்று சிலர் வினவுவர். ஒப்பாகா என்பதை யானும் உடன்படுவேன். ஆனால் சிறியது என்பதனாலேயே அழியத்தக்கது என்று ஆகிவிடாது. பல்லாவரம், திரிசூலம் ஆகிய இடங்களைச் சூழ்ந்த குன்றுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றிற் சில இன்று நீர் தேங்கிய பெரும்பள்ளங்களாய்க் கிடக்கின்றன. இதன் பொருட்டுக் கல்லுடைப்பாரை மட்டும் நோவது நேர்மையன்று. நாம் குடியிருக்கும் வீடுகளும் நடக்கும் சாலைகளும் இத்தகைய கற்களால் ஆயவையே. பழைய உரோமர் செய்ததையே நாமும் செய்துவருகின்றோம். அவர்கட்கு ஒரு காலத்தில் கண் திறந்தது. நமக்கு என்று திறக்குமோ?

அவ்வாறு கண் திறத்தல் அரியதன்று என்பதற்கு நம் கல்லூரி வளாகமே சான்று. 1937-இல் நம் கல்லூரி நகரின் நெரிசலை விட்டு இங்கு வந்தபோது இந்நிலம் முட்புதர் அடர்ந்த காடாய் இருந்தது. வேதியியற் பேராசிரியரான எட்வர்டு பார்ன்ஸ் போன்றோர் அதனைப் பாழ்நிலமென்று ஒதுக்காது, அதன் செடிகொடிகளைக் கற்று, மரங்களை வளர்த்தனர். அவர்கள் விரும்பிப் பார்த்தமையாலன்றோ நாம் இந்நிழலில் அமர்ந்து படிக்கின்றோம்!

ஆதலின் என் விண்ணப்பம் இது. ஆண்டுதோறும் புதிதாய்ச் சேரும் மாணாக்கரை, முதற் பருவம் முடியுமுன், ஆசிரியர் ஒருநாள் இவ்வழியே அழைத்துச் செல்க. வரலாறு, தமிழ் முதலிய துறையினர் கூடி, இவ்விடங்களைப் பற்றித் தமிழிற் சிறுநூல் ஒன்று ஆக்குக. பழைய மாணாக்கரும் தத்தம் மக்களோடு உடன் வருக. இதற்கு வேண்டும் செலவு இரயிற் கட்டணமும் கட்டுச்சோறுமே.

பின்னர் நம்முள் எவர்க்கேனும் உரோமாபுரியைக் காணும் பேறு வாய்க்குமாயின், அவர் மகிழ்ந்து சென்று வருக. பல்லாவரத்துக் கல்லைக் கண்டு பழகிய கண்ணுக்கு, அந்நகரத்துக் கற்களும் தம் வரலாற்றை ஒளியாது உரைக்கும்.