நூலுக்கு விலை வையுங்கள்!

நம் சமுதாயத்தில் ஒருவர் பல்லாண்டு உழைத்துத் தம் ஊரின் வரலாற்றையோ, அவ்வூரில் வாழ்ந்த ஓர் ஆலிமின் சரிதையையோ எழுதி முடிக்கிறார். அஃது அவருடைய முதல் நூல். அடுத்து அவர் செய்வது என்ன? செல்வர் ஒருவரின் வாசலை நாடுகிறார். செல்வர் அச்சுக்கூலியைத் தருகிறார். நூலின் முதற்பக்கத்தில் செல்வரின் படம். தொடர்ந்து வாழ்த்துரை, அணிந்துரை, நன்றியுரை. மண்டபத்தில் விழா, பொன்னாடைகள், சிறப்புப் பிரதி பெறுவோரின் நீண்ட வரிசை! மறுநாள் முதல் எஞ்சிய பிரதிகள் நிக்காஹ் வீடுகளில் அன்பளிப்பாகின்றன. அப்படியும் தீராதவை கட்டிலின் கீழே கரையானுக்கு இரையாகின்றன. ஆயிரம் பிரதிகள் அச்சான நூலை ஐம்பது பேரேனும் படித்தனரா என்று கேட்பார் இலர். இதற்கு நூல் வெளியீடு என்று பெயர் சூட்டுவது தகுமா?

இவ்வழக்கத்தைக் கண்டித்தால் இரண்டு மறுமொழிகள் வருகின்றன. "சீதக்காதி வள்ளல் உமறுப் புலவரை ஆதரிக்கவில்லையா?" என்பது ஒன்று. "இல்மை விற்கலாமா?" என்பது மற்றொன்று.

முதலாவதற்கு விடை இது: சீதக்காதியும், அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரும் புலவர் பாடிய காலத்தில் அவரை ஆதரித்தனர். எழுதுங்காலத்தில் திரும்பிப் பாராமல், விழா நாளில் மட்டும் மேடையேறும் இன்றைய புரவலரை அவர்களுடன் ஒப்பிடலாமா? மேலும், சீறாப்புராணத்தை 1842இல் புலவர் நாயகம் சேகு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றிய பின்னரன்றோ அது ஏட்டுச் சுவடியை விட்டு வெளியே வந்தது? நூல் வாழ்வது கொடையாளியால் மட்டுமன்று; படிப்பவர் கையை அடைவதனால்.

இரண்டாவது மறுமொழியைக் கூறுவோர் நம் வரலாற்றை மறந்தவர்கள். அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் வர்ராக்குகளுக்கென்று கடைத்தெருவே இருந்தது. நூல்களைப் படியெடுத்து விற்பது அவர்களின் தொழில். ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்னும் மாபெரும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு நதீமும் ஒரு வர்ராக்கே. அவர் இல்மை விற்றார் என்று எவரும் பழிக்கவில்லை. நம் தமிழ்க் கிதாபுகளிலும் விலை என்று போடக் கூசி 'ஹதியா' என்று அச்சிட்டார்கள். சொல் பணிவானது, ஆனால் அச்சொல்லின் பக்கத்தில் ரூபாய்க் கணக்கும் இருந்தது!

விலை கொடுத்தவன் படிக்கிறான். பிழை கண்டால் கேட்கிறான். நன்றாயிருந்தால் நாலு பேரிடம் சொல்கிறான். இலவசமாகப் பெற்றவனோ நன்றி கூறிவிட்டு அலமாரியில் வைக்கிறான். எழுதியவருக்கு எவர் பெரும்பயன் செய்தவர்?

எனவே முதல் நூல் வெளியிடுவோர்க்குச் சில சொல்வேன். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில், கோப்புக்கூலி ஈடாவதற்கு ஆயிரம் பிரதி போட வேண்டியிருந்தது. இன்று டிஜிட்டல் அச்சில் நூறு பிரதிகளும் எடுக்கலாம். காரணம் போன பின்னும் ஆயிரம் என்ற வழக்கம் ஏன் நிற்க வேண்டும்? நூறு அச்சிடுங்கள், விற்ற பணத்தில் அடுத்த நூறை அச்சிடுங்கள். செல்வரின் வாசல் எதற்கு?

விலையைக் கணக்கிட்டு வையுங்கள். அடக்கவிலை நூறு ரூபாயாகும் நூலுக்கு நூற்றைம்பது என்று விலையிட்டுக் கடைக்காரருக்கு 35 விழுக்காடு கழிவு கொடுத்தால், கைக்கு வருவது 97 ரூபாய் 50 காசு. விற்க விற்க நட்டம்! இருநூறு வைத்தால் நூற்று முப்பது வரும். அதிலேதான் தபாற்செலவும் மதிப்புரைப் பிரதிகளும் அடங்க வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு நூல் வெளியிட்டுத் தரும் நிறுவனங்களும் பெருகியுள்ளன. அச்சிடும் பணிக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் செலவும் உம்முடையது, உரிமை மட்டும் அவர்களுடையது என்னும் தாளில் கையெழுத்திடாதீர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுத்து மூலமான கையொப்பமின்றி உரிமை கைமாறாது. காலம் குறிப்பிடாவிடில் அது ஐந்தாண்டுக்கே செல்லும். எல்லை குறிப்பிடாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஆகவேதான் 'எக்காலத்துக்கும், எந்நாட்டுக்கும்' என்று முன்னரே எழுதி நீட்டுகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் வாசகரைக் கொண்ட நாம் அவ்வரியை அடித்துவிட்டன்றோ கையெழுத்திட வேண்டும்?

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கும் சிலர் பணம் கேட்கிறார்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதனைக் கட்டணமின்றியே வழங்குகிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிவந்த முப்பது நாட்களுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமரா நூலகம் முதலியவற்றுக்கும் பிரதி அனுப்புங்கள். விழா மண்டபம் மறந்துவிடும், நூலகம் மறவாது. நாளை நம் ஊர்களை ஆராய வருபவர் தேடும் இடம் அதுவே. அங்கே நம் நூல் இல்லையெனில், நம் வரலாற்றைப் பிறர் தம் விருப்பப்படி எழுதுவர்.

விற்பனைக்கு முன் ஒரு கடமை உண்டு. ஹதீஸ் ஏடுகளைப் படியெடுத்த நம் முன்னோர் மூலத்தோடு ஒப்பிட்டு 'முகாபலா' செய்யாத படியை நம்பத்தக்கதாகக் கொள்ளவில்லை. மெய்ப்புத் திருத்தாமல், பிறர் ஒருவரிடம் காட்டாமல், விழாத் தேதிக்காக அவசரப்படும் நாம் அவர்களின் வாரிசுகளா? மூன்று அணிந்துரைகளைக் காட்டிலும் ஒரு பொருளகராதி நூலுக்கு அழகு.

குடும்பத்தாரே, உங்களுக்கும் பங்குண்டு. விழா அழைப்பு வந்தால் பொன்னாடைக்கு ஆகும் பணத்தில் ஒரு பிரதி வாங்குங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். "நமக்கொரு பிரதி இல்லையா?" என்று எழுதியவரிடம் கை நீட்டாதீர்கள். உறவினர் என்பதற்காகத் தையற்காரரிடம் சட்டையை எவரும் இலவசமாகக் கேட்பதில்லை.